பல்லுடைந்த முதல் கியர்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்புச் சக்கரம் வைத்திருக்கிறேன். பூரி அளவுதான் இருக்கும், கனம் அதிகம். சுற்றிலும் பற்கள். அவற்றில் மூன்று முழுதாக உடைந்திருக்கும், இரண்டு பாதி தேய்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், கரும்பு மெஷின் சாமானா?" என்று கேட்பார்கள். அது அம்பாசடர் காரின் முதல் கியர். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பெரியப்பா வைத்திருந்த வண்டியிலிருந்து கழற்றியது. அதை நான் ஏன் பழைய இரும்புக்குப் போடவில்லை என்று சொல்வதற்கு முன், கியர் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கியர் என்றால் என்ன என்று விளக்குவது சுலபம். கமலை இறைத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த சாலைத் தூக்கும்போது மாடு மெதுவாக, முழு பலத்தோடு சரிவில் இறங்கும். வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும்போது அதே மாடு சிரமமில்லாமல் பின்னால் வரும். பாரம் இருந்தால் வேகம் குறைவு, பாரம் இல்லையென்றால் வேகம் அதிகம். மாட்டுக்கு இது தானாகவே தெரியும். பெட்ரோல் எஞ்சினுக்குத் தெரியாது. அது ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் அதற்குச் சக்தியே வரும். நின்ற வண்டியை நகர்த்த அந்த வேகத்தைக் குறைத்து பலமாக மாற்ற வேண்டும். ஓடுகிற வண்டிக்கு வேகத்தை அப்படியே கொடுக்க வேண்டும். இந்த மாற்று வேலையைச் செய்வதுதான் கியர் பெட்டி. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் பலம். ஏறக்குறைய சமமான சக்கரங்கள் சேர்ந்தால் வேகம்.

பிரான்சில் பனார் - லெவாசோர் நிறுவனத்து எமில் லெவாசோர் 1890-களின் தொடக்கத்தில், முன்னால் எஞ்சின், அதன் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் நகரும் பற்சக்கரங்கள் கொண்ட பெட்டி என்ற வரிசையைக் கொண்டுவந்தார். நம் அம்பாசடர் வரைக்கும் அந்த வரிசைதான். ஆனால் அவருடைய பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தை, வேறு வேகத்தில் சுற்றும் இன்னொரு சக்கரத்தின் மேல் நேராகத் தள்ள வேண்டும். பல்லும் பல்லும் மோதி 'கர்ர்' என்று கத்தும். கை பழகாதவன் ஓட்டினால் சில மாதங்களிலேயே பல் கொட்டிவிடும்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ல் கொண்டுவந்த 'டி' மாடல் வண்டி இந்தச் சண்டையைத் தவிர்த்தது. அதில் கியர் போடக் கைப்பிடி கிடையாது, காலால் மிதிக்கும் பெடல்கள்தான். இடது பெடலை அழுத்தினால் மெதுவான கியர், விட்டால் வேகமான கியர், நடுப்பெடல் ரிவர்ஸ். உள்ளே பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். அவற்றைத் தாங்கும் உருளைகளை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பட்டையின் உள்புறத்தில் பொருத்தியிருந்தது என்ன தெரியுமா? நெய்த பருத்தி நாடா. பருத்தி தேய்ந்தால் மூடியைத் திறந்து பழைய நாடாவை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். கரிசல்காட்டில் பருத்தி விளைவித்த நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வண்டியில் ரிவர்ஸ் கியருக்குத்தான் பலம் அதிகம். செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்றுவார்களாம். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள்.

நம் பக்கம் மோட்டார் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிவிஎஸ். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாக வைத்து அது வளர்ந்தது. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று எங்கள் அப்பா காலத்து ஆட்கள் சொல்வார்கள். மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்ற கதையும் அப்போதே கேட்டதுதான். நேரம் தவறாமல் ஓடியதற்குக் காரணம் ஓட்டுநரின் வேகம் அல்ல, பணிமனையில் நடந்த பராமரிப்பு. கெட்டுப்போன பிறகு பிரிப்பது ஒரு வழி, கெடுவதற்கு முன் பிரித்துப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தென்னாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொடங்கி, அதையும் தானே கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டு, பெரிய நிறுவனமாக வளர்ந்தார்.

1928-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் கெடிலாக் கார் அமெரிக்காவில் 'சிங்ரோமெஷ்' கியர் பெட்டியோடு வெளிவந்தது. நம் மெக்கானிக்குகள் 'சிங்ரோ ரிங்' என்கிறார்களே, அந்தப் பித்தளை நிற வளையத்தின் வேலை இதுதான்: கியர் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அது சக்கரத்தின் கூம்பில் போய் உரசி, இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்தும். சமமான பிறகுதான் பல் பல்லுக்குள் போகும். கூட்டத்தில் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன், கொஞ்ச தூரம் கூடவே ஓடிவிட்டுக் கம்பியைப் பிடிப்பதில்லையா? அதே வித்தைதான்.

ஆனால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்த வசதி வர ரொம்ப நாள் ஆனது. அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டார்கள். உங்களில் பலருக்கு அந்தச் சத்தம் காதில் நிற்கும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார்கள். வளையம் செய்ய வேண்டிய வேலையை மனிதன் காலாலும் காதாலும் செய்தான். நல்ல ஓட்டுநருக்கு ஊரில் இருந்த மரியாதை அதனால் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது டிவிஎஸ் கரிவாயு அடுப்புகளைச் செய்து விற்றது. பஸ்ஸில் பெரிய உருளை மாதிரி அடுப்பை வைத்து, கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். பெட்ரோலில் கிடைக்கும் பலம் கரிவாயுவில் கிடைக்காது. மேடு வந்தால் கீழ்க் கியரிலேயே முனகிக்கொண்டு ஏற வேண்டும். கியர் பெட்டிக்கு வேலை கூடியது. போர்க்காலத்தில் வெளிநாட்டிலிருந்து உதிரிச் சாமான் வருவதும் அரிதாகிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு, உள்நாட்டில் உற்பத்தி செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று அரசு முடிவு செய்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்சும் போர்டும் கடையைக் கட்டின. ஓடிக்கொண்டிருந்த செவர்லே, போர்டு வண்டிகளுக்குச் சாமான் கிடைப்பது திண்டாட்டமானது. அப்போதுதான் நம் லேத்துப் பட்டறைகளின் திறமை வெளியே வந்தது. பல் உடைந்த சக்கரத்தை மாதிரியாக வைத்துப் புதிதாகப் பல் வெட்டினார்கள். உடைந்த இடத்தில் வெல்டிங் வைத்து, அரம் போட்டு ராவி, பல்லின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு குறை. கம்பெனிச் சக்கரத்தின் மேல்தோல் கண்ணாடி மாதிரி கடினமாகவும் உள்ளே கொஞ்சம் இளகியும் இருக்கும்படி சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். மேல்தோல் தேய்மானத்தைத் தாங்கும், உள்பகுதி அதிர்ச்சியைத் தாங்கும். அந்தப் பதம் சரியாக வராவிட்டால் கைவேலைப் பல் நீடிக்காது. எதையும் பிரித்து விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கு ஊர் ஊராக மெக்கானிக்குகள் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன் பிறகு நமக்கு வாய்த்தவை மூன்று கார்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் பிரீமியர் கம்பெனியின் பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுக்கும் நான்கு கியர். மூன்றிலும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கியர்களுக்குச் சிங்ரோ வளையம் உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. முதல் கியரை வண்டி நின்ற பிறகுதான் போடுவார்கள், அதற்கு எதற்கு வளையம் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பொறியாளர்கள் நினைத்துவிட்டார்கள். அவர்கள் கரிசல் மண்ணைப் பார்த்ததில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் மாவு பிசைந்தது மாதிரி ஆகிவிடும். காலை வைத்தால் செருப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கார் சக்கரத்தில் அப்பினால் மட்காப்பு வரைக்கும் நிறையும். மாட்டிய வண்டியை வெளியே எடுக்க ஓட்டுநர் முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி ஊஞ்சலாட்டுவார். அம்பாசடர் பெட்டியில் இந்த இரண்டு கியரும் ஒரே சக்கரத்தின் பற்களைத்தான் பயன்படுத்தும். வளையமில்லாத, மோதித்தான் சேர வேண்டிய சக்கரம். டாக்சி வண்டிகளில் மற்ற கியர்கள் நன்றாக இருக்க, அந்த ஒரு சக்கரம் மட்டும் பல் கொட்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவின் வண்டி பழைய மார்க்-2 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரிலும் சுற்றி இருந்த சில கிராமங்களிலும் அவசரத்துக்கு என்றால் அந்த ஒரு கார்தான். அப்போது நாம் இராமநாதபுரம் மாவட்டம். பஸ் உண்டு, ஆனால் இரவில் கிடையாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க, பிரசவத்துக்கு அருப்புக்கோட்டை போக, இறந்தவர் வீட்டுக்குத் தகவல் சொல்ல, எல்லாவற்றுக்கும் அதுதான். ஓட்டுநர் உள்ளூர்க்காரர். எனக்கு மாமா முறை. நான் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வந்தால் வண்டிக்கணக்கு எழுதுவது என் வேலை.

அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து கம்பிகளும் நெம்புகோல்களும் கீழே இறங்கிப் பெட்டிக்குப் போகும். இடையில் இருக்கும் புஷ்கள் தேய்ந்தால், கியர் மாற்றும்போது ஒரே நேரத்தில் இரண்டு கியரைப் பிடித்துக்கொள்ளும். வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. உடனே மாமா இறங்கி, பானட்டைத் தூக்கி, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் நெம்புகோலை டயர் லீவரால் ஒரு தட்டுத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். இதற்குப் பழுது என்று பெயரில்லை. "கியர் மாட்டிக்கிச்சு" என்பார், அவ்வளவுதான்.

அந்த வருடம் புரட்டாசியில் ஆயில் மாற்ற அருப்புக்கோட்டைக்கு வண்டியை விட்டிருந்தோம். அங்கே ஒரு மேஸ்திரி. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வேப்பமரம், ஆள் நின்று வேலை பார்க்கும் ஒரு குழி, மேலே தகரம். அவர் பெட்டியின் அடி நட்டைக் கழற்றி, வடிந்த ஆயிலை ஒரு தட்டில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தட்டை வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஆயிலுக்குள் சீனித்தூள் மாதிரி ஏதோ மின்னியது.

"முதலாளி, மஞ்சளா மினுங்குனா வளையம் தேயுதுன்னு அர்த்தம். அதுக்குக் கவலையில்ல. இது வெள்ளையா மினுங்குது. எஃகு. பல்லு போகுது. இறக்கிப் பாத்துரலாம்."

"எவ்வளவு ஆகும் மேஸ்திரி?"

"சாமான் மதுரையில வாங்கணும். கூலியோட ஐந்நூறுக்குக் குறையாது. ரெண்டு நாள் வண்டி நிக்கும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். கணக்கு என்னிடம் இருந்தது. விதைப்புச் செலவு தலைக்கு மேல் இருந்த நேரம். "வெள்ளாமை வீடு வரட்டும் பெரியப்பா, மாசியில பாத்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அவர் சரி என்றார். மேஸ்திரி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. புது ஆயில் ஊற்றி அனுப்பினார். போகும்போது மாமாவிடம் மட்டும், "முதல் கியர் போடும்போது முன்னால மூணாவதை லேசாத் தொட்டுட்டுப் போடுங்க" என்றார். மூன்றாவது கியரின் வளையம் உரசினால் உள்ளே சுற்றும் தண்டு நின்றுவிடும். பிறகு முதல் கியர் சத்தமில்லாமல் விழும். பழைய ஓட்டுநர்கள் கையாண்ட உபாயம் அது.

கார்த்திகை வந்தது. மூன்று நாளாக மழை. பருத்திக்குக் களை எடுக்கும் நேரம். பொழுது சாயும் வேளையில், காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன் என்றார்கள். கால் அதற்குள் வீங்கிவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மாமா காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

தெருவைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கியதும் பின்சக்கரம் புதைந்தது. முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு சோளம் பொரிவது மாதிரி சடசடவென்று நாலைந்து. எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. முதல் கியரும் போயிற்று, ரிவர்சும் போயிற்று. பத்து ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். மாமா இரண்டாவது கியரில் கிளட்சை வழுக்கவிட்டு வழுக்கவிட்டு ஒருவழியாகத் தார் ரோட்டுக்கு ஏற்றினார். கிளட்ச் பிளேட் கருகிய நாற்றம் வண்டி முழுவதும் அடித்தது. இரண்டாவது கியரில் நின்ற வண்டியை எடுப்பது, ஒற்றை மாட்டைக் கட்டிப் பாரவண்டி இழுப்பது மாதிரி. கிளட்ச்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

வழியில் கிடை ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தும் விலகவில்லை. நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திய பிறகு எடுக்க முடியவில்லை. ஆட்டுக்காரர்களே கம்பை வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். கண்மாய்க் கரை மேட்டில் கிளட்ச் சுத்தமாக வழுக்கியது. மறுபடி இறங்கித் தள்ளினோம். பின்சீட்டில் அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரத்தில் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஊசி போட்டார்கள். மறுநாள் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வேறு வண்டியில். பிழைத்துவிட்டாள். ஆனால் விரியன் விஷம் சதையை அழிக்கும். கணுக்காலுக்கு மேலே சதை போய், கால் சூம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். அந்தத் தாமதத்தால்தான் கால் போனது என்று டாக்டர் சொல்லவில்லை. ஊரில் யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. மாறாக, "ரெட்டியார் வீட்டுக் கார் இல்லைன்னா உயிரே போயிருக்கும்" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் கடைசிவரை என்னைப் பார்த்தால் கும்பிடுவாள். அந்தக் கும்பிடு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டியை இறக்கிய நாளில் நானும் குழிக்குள் நின்றேன். முதலில் புரொப்பல்லர் ஷாப்டின் நான்கு போல்ட்டுகள். பிறகு பெட்டியைத் தாங்கும் அடிச்சட்டம். பிறகு எஞ்சினோடு சேரும் இடத்தில் சுற்றிலும் போல்ட்டுகள். இரண்டு பையன்கள் நெஞ்சில் தாங்கி இறக்கினார்கள். மேஸ்திரி மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவி, கழற்றிய வரிசை மாறாமல் ஒரு சாக்கில் பரப்பினார். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டார். வளையத்தைக் கூம்பில் வைத்து அழுத்தி இடைவெளியைப் பார்த்தார். "வளையம் பல்லைத் தொட்டுட்டா தூக்கிப் போட்டுரணும்" என்றார். உடைந்த பல் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே சுற்றி, கீழ்த்தண்டின் இன்னும் இரண்டு சக்கரங்களைக் கடித்திருந்தன. புதுக் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கீழ்த்தண்டு, முதல் கியர், பேரிங்குகள். ஐந்நூறில் முடிய வேண்டியது மூன்று மடங்குக்கும் மேல் போனது. அன்று அந்தச் சக்கரத்தைக் கேட்டு வாங்கி வந்தேன்.

பிறகு எனக்கு அரசு வேலை கிடைத்தது. அலுவலக ஜீப்புகளின் லாக்புக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பும் சில காலம் இருந்தது. எஞ்சின் ஆயில் மாற்றியதை எல்லோரும் எழுதுவார்கள். கியர் ஆயில், கிரவுன் ஆயில் பார்த்த தேதியை நான் தனியாகக் கேட்பேன். "சார் கியர் பைத்தியம்" என்று எனக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மேஸ்திரியிடம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடல் மேல் சும்மா காலை வைத்திருக்கக் கூடாது, ரிலீஸ் பேரிங் போகும். கியர் கம்பி மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டக் கூடாது, உள்ளே இருக்கும் கவை தேயும். வண்டி முழுதாக நின்று, மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் ரிவர்ஸ். ஓடைத் தண்ணீரில் முங்கி வந்தால் ஆயிலைப் பார்க்க வேண்டும். மோர் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கிரவுனுக்கு ஊற்றும் ஆயிலைக் கியர் பெட்டிக்கு ஊற்றக் கூடாது. கிரவுன் சக்கரத்தின் பெரும் அழுத்தத்தைத் தாங்க அந்த ஆயிலில் கந்தகச் சேர்மானம் அதிகம். கந்தகத்துக்கும் பித்தளைக்கும் ஆகாது. வளையத்தை அரித்துவிடும். எல்லாம் ஆயில்தானே என்று ஊற்றிக் கெடுத்த பெட்டிகள் எத்தனையோ.

1983 டிசம்பரில் டெல்லியில் மாருதி 800 வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி. கியர் பெட்டியும் கிரவுனும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன, நீண்ட ஷாப்ட் இல்லை. முதல் கியருக்கும் சிங்ரோ வளையம் வந்தது. டபுள் கிளட்ச் தெரியாதவர்களும் கார் ஓட்டலாம் என்றாயிற்று. 1985-ல் நம் பகுதி புது மாவட்டமானது. ரோடுகள் மாறின. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஓர் ஊரின் உயிர் ஒரு காரின் முதல் கியரில் தொங்கிய காலம் முடிந்தது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் கைகூப்புவேன்.

2014-ஐயும் சொல்ல வேண்டும். அந்த வருடம் மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே வருடத் தொடக்கத்தில்தான் மாருதி செலிரியோ, கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கியரோடு வந்தது. என் தம்பி மகன் அப்படி ஒரு கார் வாங்கியிருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், "பெரியப்பா, இதுல கியர்ங்கிற தொல்லையே இல்ல" என்றான்.

"இருக்கு தம்பி. நீ பாக்கல, அவ்வளவுதான்" என்றேன்.

ஏஎம்டி என்பது வேறு பெட்டி அல்ல. அதே பற்சக்கரம், அதே வளையம், அதே கிளட்ச் பிளேட். மாமாவின் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு சின்ன இயந்திரக் கை செய்கிறது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால், உள்ளே கிளட்ச் கருகத்தான் செய்யும். ஆயில் வயதானால் வளையம் தேயத்தான் செய்யும். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? கியர் ஆயில் எப்ப மாத்துன?" என்று கேட்டேன். அவன் விழித்தான். "அதெல்லாம் மாத்தணுமா? கம்பெனியில ஒண்ணும் சொல்லலையே" என்றான். புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அச்சிட்டுத்தான் இருந்தது.

மேஸ்திரி காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வேப்பமரத்தடிக் குழியை மூடி இப்போது கடைகள் கட்டிவிட்டார்கள். அவர் பையன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கரியும் மண்ணெண்ணெயும் அடுத்த தலைமுறைக்கும் வேண்டாம். ஆனால் தட்டை வெயிலில் சாய்த்து, மஞ்சள் மினுக்கத்தையும் வெள்ளை மினுக்கத்தையும் பிரித்துப் பார்த்த அந்தக் கண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எல்லாம் கெட்டுப்போவதற்கு முன்னால் ஒரு சாடை காட்டும். நம் உடம்பும் அப்படித்தான், கண்மாய் மடையும் அப்படித்தான். பார்க்கிறவன் சொல்லிவிடுகிறான். கேட்கிறவன்தான், மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

அந்தப் பெண் இறந்து ஏழெட்டு வருடம் இருக்கும். தம்பி மகன் ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இதை நான் கொண்டுபோகட்டுமா பெரியப்பா?" என்றான். "ஆயில் மாத்தின பில்லோட வா, தாரேன்" என்றேன். இன்னும் வரவில்லை. சக்கரம் மேசையிலேயே இருக்கிறது.